வெம்பக்கோட்டை ஊராட்சி ஒன்றியம்

வெம்பக்கோட்டை ஊராட்சி ஒன்றியம், விருதுநகர் மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றை ஒட்டிய கரிசல் நிலத்தில் 48 கிராம ஊராட்சிகள் இதில் அடங்கும். வெம்பக்கோட்டை, விஜயகரிசல்குளம், ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, ஆலங்குளம், குகன்பாறை, துலுக்கன்குறிச்சி, கொங்கன்குளம் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

ஒன்றியத்தின் பழம்பெருமைக்குச் சான்று விஜயகரிசல்குளத்தில் உள்ளது. வைப்பாற்றின் இடது கரையில் மேட்டுக்காடு என்று ஊரார் அழைக்கும் தொல்லியல் மேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் மட்டும் 3,254 பொருள்கள் கிடைத்தன. இரண்டாம் கட்டம் 2023-லும், மூன்றாம் கட்டம் 2024-லும் தொடங்கின. நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், தந்தப் பகடை, தங்க அணிகலன்கள் ஆகியவை வெளிப்பட்டன. சங்கு வளையல்கள் பெருமளவில் கிடைத்திருப்பதால், கடலிலிருந்து தொலைவில் இருந்தும் இவ்வூர் சங்கறுக்கும் தொழிலில் சிறந்து விளங்கியது தெளிவாகிறது. வைப்பாறு சென்று சேரும் மன்னார் வளைகுடாவே சங்குக்குப் பெயர்பெற்ற கடல். நுண்கற்காலம் தொட்டு வரலாற்றுக் காலம் வரை மக்கள் இங்கு வாழ்ந்து வந்துள்ளனர்.

பிற்காலத்தில் ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையமாக இருந்தது. ஆங்கிலேயருக்கு எதிரான 1799-ஆம் ஆண்டுப் போரில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனுக்குத் துணைநின்றதால், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், கோல்வார்பட்டி முதலிய பாளையங்களோடு இதையும் ஆங்கிலேயர் பறிமுதல் செய்தனர்.

1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது, திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட, இப்பகுதியை உள்ளடக்கிய சாத்தூர் வட்டாரம் அதில் சேர்க்கப்பட்டது. 1958-ஆம் ஆண்டு மதராஸ் பஞ்சாயத்துச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. தற்போது அவை 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த புதிய மாவட்டம் முதலில் காமராசர் பெயரைத் தாங்கி, 1997-இல் விருதுநகர் மாவட்டமாயிற்று.

பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டையில் அணை உண்டு. ஆலங்குளத்தில் 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலை இருந்து வருகிறது.

பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் பலருக்கு வேலை தருகின்றன; வெடிவிபத்துகளும் நேர்வதுண்டு.