இறையும் இறவெள்ளமும்: மட்டாஞ்சேரிக் கூரைகள் குறித்து

'இறை' என்றதும் கடவுள், அரசன், வரி ஆகிய பொருள்களே நமக்கு நினைவுக்கு வருகின்றன. கூரையின் தாழ்ந்த விளிம்பு என்பதும் அச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று. இறப்பு, இறவாரம், இறவாணம் ஆகியவை அதன் உறவுச்சொற்கள். நகரத் தமிழில் மறைந்து, சிற்றூர்களில் 'எறவாணம்' என எஞ்சியுள்ள இவ்வேர், மலையாளத்தில் 'இற', 'இறயம்' என இன்றும் வழங்குகிறது. கூரை விளிம்பிலிருந்து வீழும் நீருக்கு 'இறவெள்ளம்' என்று தனிப்பெயரே உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை பெறும் கொச்சியில் இதில் வியப்பில்லை.

ஓட்டுக் கூரையை நீர்புகா மூடியாகக் கருதுவது பிழை. மேலோட்டின் அடிவிளிம்பு கீழோட்டின் தலையை மூடியிருக்கும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே புகாது. விளிம்பில் தடைபட்டுத் தேங்கினாலோ, பின்னேறி அடுக்குகளுக்கிடையே கசியும். குளிர்நாடுகளில் இறவாரத்தில் உறையும் பனிக்கட்டி, மேலே உருகிவரும் நீரை அணைபோல மறித்து வீட்டுக்குள் இறக்குவதும் இவ்வாறே. மட்டாஞ்சேரியில் அந்த அணையைக் கட்டுபவை சருகும் பாசியும் புறாக்கூடும்.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்து, 1663க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனை நாலுகெட்டு அமைப்புடையது. உட்சரிவுகளின் நீர் நடுமுற்றத்தில் வீழ்கிறது. அங்கே பழையன்னூர் பகவதி கோயில் உள்ளது. (அரண்மனையை இன்றும் 'டச்சு அரண்மனை' என்றே அழைக்கிறோம், புதுப்பித்தவருக்குப் பெயர், கட்டியவருக்கு மறதி!) விளிம்பில் தயங்கும் நீர் முதலில் நனைப்பது சுவரின் தலைப்பகுதியை. ஈரம் சுண்ணச் சாந்தின் வழியே இறங்குகிறது. உலரும்போது உப்புகள் மேற்பரப்புக்கு வந்து வண்ணத்தை உரிக்கின்றன. பள்ளியறைச் சுவர்களிலோ இராமாயண ஓவியங்கள்.

மலபாரில் ஓடு வேய்வது நெடுங்காலம் ஆட்சியாளரின் அனுமதிக்குட்பட்ட உரிமையாக இருந்தது; பெரும்பாலோர் ஓலையே வேய்ந்தனர். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலைக்குப் பின் ஓடு பரவலாயிற்று. ஆனால் பஜார் சாலைப் பண்டகசாலைகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தனிவீட்டின் இறவெள்ளம் வெளியே வீழும். இங்கு அடுத்தடுத்த இரு சரிவுகளின் நீரும் நடுவிலுள்ள ஒரே பாத்தியில் சேர்கிறது. மிளகும் சுக்கும் பூஞ்சை பிடித்தால் பழி ஓட்டின்மேல் விழுகிறது. சிலர் ஓடுகளுக்கு மேலேயே தகரம் வேய்கின்றனர். பாத்தி அடைபட்டே இருப்பின் தகரத்தால் பயனில்லை என்பதே என் கருத்து.

'பாத்தி' நமக்கு நீர் தேக்கும் நிலக்கூறு. மலையாளத்தில் அது நீரைக் கடத்தும் கால். களப்பணியின்போது, இடவப்பாதி மழைக்குச் சில நாள்கள் முன்னர், ஒரு பண்டகசாலைக் கூரையில் முதியவர் ஒருவரைக் கண்டேன். உடைந்த ஓட்டை அவர் தேடவில்லை. முதலில் பாத்தியில் குந்தி, இரண்டு கூடை சருகும் ஓர் அரசமரக் கன்றும் அள்ளி எடுத்தார். பின்பு ஒரு குடம் நீரை ஊற்றி, அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.