பொதியின் மேல் எழுதிய பெயர்

தேயிலைப் பெட்டியின் மேல் என்ன எழுதப்பட்டிருக்கும்? தோட்டத்தின் பெயர் இருக்கும், தேயிலையின் தரம் இருக்கும், எடை இருக்கும். அந்தக் கொழுந்தை எடுத்த பெண்ணின் பெயர் மட்டும் இராது. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883 இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. அன்று தொட்டு இன்றுவரை இந்த வழக்கம் மாறவில்லை. அவளுடைய பெயர் செக்றோலில் உண்டு. ஆனால், செக்றோல் தோட்டத்தை விட்டு வெளியே போவதில்லை. பொதி உலகைச் சுற்றுகிறது. பெயர் லயத்தோடு நின்றுவிடுகிறது.

இந்தப் பழைய செய்தியை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பொதி என்றே அழைக்கப்படும் இன்னொரு பண்டம் நமது காலத்தில் உலகைச் சுற்றி வருகிறது. கணினியில் இயங்கும் மென்பொருட் பொதியைத்தான் சொல்கிறேன். அதன் சரித்திரமும் உழைப்பின் சரித்திரமே.

1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் குனு என்று பெயரிட்டார். 1991 இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இவை போன்ற உறுப்புகள் பல கைகளில் பிறந்து பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, மூலநிரலிலிருந்து ஆக்கி, ஒன்றோடொன்று பொருத்துவது சாதாரண மனிதனால் ஆகிற காரியமாக இருக்கவில்லை.

1993 ஆகஸ்டில் இயன் மர்டொக் என்ற மாணவர் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டி, ஒவ்வொரு பொதியையும் ஒரு தன்னார்வலரின் பொறுப்பில் விடுவது அவருடைய வழி. பொதியைக் கணினியில் நிறுவவும் நீக்கவும் டிபிகேஜி என்னும் கருவி எழுந்தது. ஆயினும் ஒரு சங்கடம் மீந்தது. தொழிற்சாலையில் கொழுந்து வாடாமல் ரோலருக்குப் போகாது. ரோலரில் அரையாமல் அடுப்புக்குப் போகாது. அதுபோல ஒரு பொதி இன்னொன்றைச் சார்ந்திருக்கும்; அது மற்றொன்றைச் சார்ந்திருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் வேலை நின்றுவிடும்.

1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 இதற்கு விடை கொண்டுவந்தது. அதன் பெயர் ஆப்ட். கறுப்புத் திரையில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வரியைத் தட்டெழுதி, வேண்டிய பொதியின் பெயரைச் சேர்த்தால் போதும். அது சார்பு அனைத்தையும் தானே கணித்து, களஞ்சியத்திலிருந்து தருவித்து, முத்திரை சரிதானா என்று சோதித்த பின் நிறுவுகிறது. 2023 இல் வெளியான டெபியன் 12 இன் களஞ்சியத்தில் 64,000க்கும் அதிகமான பொதிகள் இருந்தன. ஒன்றுக்கும் விலை இல்லை.

அட்டனுக்கு அண்மையில் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் கணினி அறையில் இணையம் மழைக்கும் காற்றுக்கும் பணிந்தே நடக்கும். பொதியை அங்கிருந்து இறக்குவது பெரும்பாலும் கனவுதான். இதற்கும் ஒருவர் வழி கண்டிருக்கிறார். இந்தியாவைச் சேர்ந்த டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சராஃப் ஆக்கிய 'ஆப்ட் ஆஃப்லைன்' என்ற கருவி, இணையமற்ற கணினிக்கு எவை எவை தேவை என்று ஒரு சீட்டு எழுதித் தருகிறது. அந்தச் சீட்டை நகரத்துக்குக் கொண்டுபோய், பொதிகளை இறக்கி, பென்டிரைவில் எடுத்து வந்தோம். அவற்றுள் தமிழ் எழுத்துருக்களும் இருந்தன. ஒன்றின் பெயர் பரணர். சங்கப் புலவர் ஒருவர் அந்தத் திரையில் வந்து நின்றது எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆனால், என்னைச் சிந்திக்க வைத்தது ஒரு மாணவியின் கேள்விதான். 'ஆப்ட் ஷோ' என்று தட்டெழுதினால் பொதியின் விவரம் வரும்: பெயர், பதிப்பு, சார்புகள், கூடவே அதைப் பராமரிப்பவர் யார் என்ற வரியும் வரும். அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "சேர், வேலை செய்தவங்க பேரைப் பொதியிலேயே போடுவாங்களா?" அவளுடைய தாய் கொழுந்தெடுப்பவர். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கிற்று.

ஆம், போடுகிறார்கள். பழைய துண்டு முறையை இங்கே நினைக்கலாம். 1921 இல் ஒழிக்கப்பட்ட அந்தத் துண்டில் எழுதப்பட்டது கடன், கட்டப்பட்டவன் மனிதன். 1989 இல் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிபிஎல் உரிமமும் ஒரு தாள்தான். ஆனால், அது மனிதனைக் கட்டவில்லை. ஆக்கத்தைத் திருத்தி வெளியிடுவோரும் அதே சுதந்திரத்தைப் பிறருக்குத் தரவேண்டும் என்று கட்டுகிறது.

எனினும் இதை ஒரு பொன்னுலகமென்று எண்ணிவிடலாகாது. பெயர் இருந்தால் போதுமா? கூலி வேண்டாமா? பெருநிறுவனங்களும் இந்தப் பொதிகளின் மேல் கோடி கோடியாய்ச் சம்பாதிக்கின்றன. எக்ஸ்இசட் என்னும் சிறு பொதியை ஊதியமின்றி ஒருவரே சுமந்து வந்தார். அவர் சோர்ந்திருந்த வேளையில், உதவிக்கு வந்தவர்போல் நடித்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, அதனுள் இரகசிய வாசல் ஒன்றை வைத்தார். டெபியனின் சோதனைப் பதிப்புவரை அது நுழைந்துவிட்டது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், தமது கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்தபடியால் துரோகம் அம்பலமாயிற்று. ஒரு தொழிலாளியைத் தனியே சுமக்கவிட்டபடியால் துரோகத்துக்கு இடம் கிடைத்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் நமது மாணவர் அறியவேண்டும்.

பதிவேட்டில் பெயரில்லாதிருப்பதன் வலி மலையக மக்களுக்குப் புதிதன்று. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை முழுதும் மீட்க 2003 இன் சட்டம்வரை நாம் காத்திருக்க நேர்ந்தது. அறிவுலகின் பதிவேட்டிலும் அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. கறுப்புத் திரையையும் அதிலுள்ள ஆங்கில எழுத்துகளையும் கண்டு நமது பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்குவது ஆசிரியரின் கடமை. ஒரு பிழையைச் சுட்டிக்காட்டலாம்; ஒரு சொல்லைத் தமிழாக்கலாம்; நாளடைவில் ஒரு பொதியையே பொறுப்பேற்கலாம்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது கட்டளைகளைத் தன் பயிற்சிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருளும் எழுதியிருக்கிறாள். கொப்பியின் மேல் அவளுடைய பெயர் இருக்கிறது.