டெக், டிஷ், பெட்டி: ஒரு வரவேற்பறையின் வரலாறு

2016 யூலையில் யப்பானின் ஃபுனாய் நிறுவனம் வீடியோ டெக் செய்வதை நிறுத்தியது. கடைசிவரை அதைச் செய்துகொண்டிருந்த நிறுவனம் அதுதான். பலருக்கு இது ஒரு பழைய சாமானின் மரண அறிவித்தல். புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளில் அலுமாரியின் மேற்தட்டில் கிடக்கும் கசெற்றுகளுக்கோ, அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிட்டது. இருக்கிற டெக்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிப் போகும்வரைதான் அவற்றின் ஆயுள்.

தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கிற கணினியைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அதை 'ஹோம் தியேட்டர்' கணினி என்பார்கள். வீட்டைத் திரையரங்கு ஆக்குவதற்கென்று விற்கப்பட்ட பொருள் அது. எங்களுடைய வீடுகளில் அது செய்த வேலை வேறு. அதைச் சொல்ல, கணினிக்கு முந்திய காலத்துக்கும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் ஐ.ரி.என். ஊடாக வந்தது, 1982 இல் ரூபவாகினி தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கூரைக்கு மேலே உயரமான குழாய் நட்டு அன்ரெனா கட்டியவர்கள் கடலுக்கு அப்பாலிருந்து வந்த தூரதர்சனையும் பிடித்தார்கள். 1990 க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. அந்த ஆண்டுகளில் படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றர், தொலைக்காட்சிப் பெட்டி, டெக் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது. ஆளுக்கு இவ்வளவென்று காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும்வரை மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து ஓடும். பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அருமைப்பட்ட பொருட்கள் என்பதால், என்ன பார்ப்பது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதே பெரிய கேள்வி. என்னுடைய தலைமுறைக்குத் திரையும் குடும்பமும் சேர்ந்த முதல் நினைவு இதுதான்.

அதே ஆண்டுகளில் டென்மார்க்கில் கசெற்றுக்கு வேறொரு வேலை இருந்தது. 1983 க்குப் பின் இங்கு வந்த தமிழ் அகதிகளில் பெரும்பாலானோர் யூலன்ட் பகுதியின் சிறு நகரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை அழைப்பதற்குக் கொடுத்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். 'தமிழர் வழக்கு' என்று டெனிஷ் அரசியல் வரலாற்றில் பதிவான அந்த விவகாரத்தினால் 1993 சனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995 இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு 4 மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

பாடநூலில் இது அரசாங்கம் ஒன்று கவிழ்ந்த கதை. அந்த விண்ணப்பங்கள் மேசையில் கிடந்த காலத்தில் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள், தகப்பன்மார் இங்கே இருந்தார்கள். இடையில் போய்வந்தவை கடிதங்களும், குரல் பதிந்த ஒலிநாடாக்களும், வசதி கிடைத்தபோது வீடியோ கசெற்றுகளும். என் மனைவியின் தகப்பனாரிடம் அப்படி ஒரு கசெற் இருக்கிறது. மகள் முதல்நாள் பள்ளிக்கூடம் போவதை அவர் பார்த்தது அதில்தான். "எத்தினை தரம் பாத்தனோ தெரியாது தம்பி, நாடா தேஞ்சு கோடு விழுந்திட்டுது" என்பார். கோடு விழுந்த அந்த இடத்தில்தான் மகள் கமெராவைத் திரும்பிப் பார்க்கிறாள்.

குடும்பங்கள் ஒன்றுசேர்ந்த பிறகும் கசெற்றுகள் வந்துகொண்டே இருந்தன. இப்போது ரொறொன்ரோவில் கலியாணம், லண்டனில் சாமத்தியவீடு, கொழும்பில் செத்தவீடு. இங்கே ஒரு புதுத் தடை. டென்மார்க், பிரித்தானியா, இலங்கை, இந்தியா எல்லாம் 'பால்' முறை: 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். கனடா 'என்.ரி.எஸ்.சி': 525 கோடுகள், ஏறக்குறைய 30 படங்கள். பிரான்ஸ் 'செக்காம்' என்று மூன்றாவது வழி. கனடாவிலிருந்து வந்த தமக்கையின் கலியாணக் கசெற்றை இங்குள்ள சாதாரண டெக்கில் போட்டால் படம் உருளும், அல்லது நிறம் போய்விடும். டிவிடி வந்தபோது இந்தப் பிரிவினை மறையவில்லை, பெயர்தான் மாறியது. கனடா 1 ஆம் வலயம், ஐரோப்பா 2, இந்தியாவும் இலங்கையும் 5. கணினியின் டிவிடி இயக்கியில் வலயத்தை 5 முறை மாற்றலாம். அதன்பின் கடைசியாக வைத்த வலயத்திலேயே அது பூட்டிக்கொள்ளும். உறவினர் ஒரே வலயத்தில் இருப்பார்கள் என்று நினைத்து வகுத்த விதி அது. எங்களுடைய உறவினர் அப்படி இல்லை.

இனி அல்பர்ட்ஸ்லுண்ட். கொப்பன்கேகனுக்கு மேற்கே, 1947 இன் 'விரல் திட்டம்' ரயில் பாதைகளை ஒட்டி நகரத்தை நீட்டியபோது, 1960 களில் வயல்வெளியில் திட்டமிட்டுக் கட்டிய ஊர். தெற்குப் பகுதியில் தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் துண்டுகளால் ஆன தட்டைக் கூரை வீடுகள், ஏறத்தாழ ஆயிரம். ஒவ்வொன்றுக்கும் மதில் சூழ்ந்த ஒரு சிறு முற்றம். நாற்சார் வீட்டின் ஒரு துண்டை வெட்டியெடுத்து வைத்ததுபோல் இருக்கும். இங்குள்ள வீடுகளில் பெரும்பகுதி இலாபநோக்கற்ற வீடமைப்புச் சங்கங்களுக்குரியவை. எல்லோருக்கும் பொதுவான விடயங்களைக் குடியிருப்பாளர் கூட்டம் வாக்கெடுத்துத் தீர்மானிக்கும். நல்ல முறைதான். ஆனால் பெரும்பான்மை பார்க்காத மொழிக்கு இத்தகைய வாக்கெடுப்பில் இடம் கிடைப்பது கடினம்.

அந்த மொழி டிஷ் வழியாக வந்தது. லண்டனிலும் பாரிசிலும் தமிழ்த் தொலைக்காட்சிகள் தொடங்கி, செய்மதி ஊடாக ஐரோப்பா எங்கும் ஒளிபரப்பின. ஒளிபரப்புச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. யாழ்ப்பாணத்தில் அவை ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். கொப்பன்கேகனிலிருந்து பார்த்தால், நேர் தெற்கே நிற்கும் செய்மதிகூட அடிவானத்திலிருந்து 26 பாகை அளவுக்கே உயரும். டிஷ்ஷைவிட 3 மீற்றர் உயர்ந்த மறைப்பு ஒன்று முன்னால் இருந்தால், டிஷ் அதற்கு 6 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். முற்றத்தில் அவ்வளவு இடம் எல்லோருக்கும் இல்லை. சுவரிலோ கூரையிலோ ஏற்றினால் ஊர் முழுவதும் தெரியும். வட ஐரோப்பாவின் புறநகர்களில் டிஷ் வெறும் கருவியாக இருக்கவில்லை. இங்கே குடியேறிகள் இருக்கிறார்கள் என்று காட்டும் அடையாளமாயிற்று.

அந்தச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்து நாட்டில் ஒரு வழக்கு உண்டு. ஸ்ரொக்கோமின் ரிங்கெபி புறநகரில் ஈராக்கிய வம்சாவளிக் குடும்பம் ஒன்று டிஷ்ஷை அகற்ற மறுத்ததால் வாடகை வீட்டை இழந்தது. 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தகவல் பெறும் சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. மூன்று பிள்ளைகளுள்ள ஒரு குடியேறிக் குடும்பம் தன் மொழியோடும் பண்பாட்டோடும் தொடர்பு வைத்திருக்க விரும்புவதை நீதிபதிகள் சிறப்பாகக் கவனத்தில் எடுத்தார்கள். அரசியற் செய்திகள் மட்டுமல்ல, பொழுதுபோக்கும் அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்றார்கள்.

இந்தப் பின்னணியில்தான் கணினி வரவேற்பறைக்கு வருகிறது. 2000 அளவில் ஜெர்மனியில் கிளவுஸ் ஷ்மிடிங்கர் என்ற நிரலாளர், லினக்ஸ் கணினியில் செய்மதி அட்டை ஒன்றைப் பொருத்தி ஒளிபரப்பைப் பதிவுசெய்யும் 'வி.டி.ஆர்' மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். 2002 இல் அமெரிக்காவில் ஐசக் ரிச்சர்ட்ஸ், கேபிள் நிறுவனம் தந்த பெட்டியின் தரத்தில் சலித்து 'மித்டிவி' யைத் தொடங்கினார். அதே ஆண்டில் மைக்ரோசொஃப்ற் 'மீடியா சென்றர்' பதிப்பை வெளியிட்டது. அதே மைக்ரோசொஃப்ற்றின் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து ஆர்வலர்கள் உருவாக்கிய மென்பொருள்தான் பின்னர் 'எக்ஸ்.பி.எம்.சி' ஆகி, 2014 இல் 'கோடி' என்று பெயர் மாறியது. 733 மெகாஹேர்ட்ஸ் செயலியும் 64 மெகாபைற் நினைவகமும் கொண்ட விளையாட்டுச் சாமானில் பிறந்தது அது. இவர்களுக்கு முன்பே, 1999 இல், டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டவர்களில் ஒருவர் நோர்வேயின் யோன் லெக் யோகான்சன், அப்போது 15 வயது. தான் வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமா என்ற கேள்விக்கு நோர்வே நீதிமன்றங்கள் 2003 இல் இருமுறை இல்லை என்று விடை சொன்னன.

இவர்கள் எவரும் தமிழரை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் எங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. 'பால்' என்றாலும் 'என்.ரி.எஸ்.சி' என்றாலும் கணினிக்கு ஒன்றுதான். வலயம் பொருட்டல்ல. மாலைச் செய்தி நேரத்தில் துப்புரவு வேலையிலோ தொழிற்சாலை முறைவேலையிலோ நிற்பவர், இரவு வந்து பதிந்ததைப் பார்க்கலாம். பிறகு பார்ப்பதற்காகப் பதிவது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்திருந்தது. அந்த வசதி முறைவேலை செய்யும் வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்பதை விளங்கிக்கொள்ள அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும்.

எங்கள் பெட்டியை ஒரு குளிர்காலத்தில் பூட்டினேன். வரவேற்பறைக் கணினிக்கு முதல் எதிரி சத்தம். அலுவலகத்தில் காதில் விழாத விசிறி, படத்தில் ஒருவர் மெல்லப் பேசும்போது பெரிதாகக் கேட்கும். ஆகவே பெரிய விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, வன்தட்டை இறப்பர்த் துண்டுகளில் இருத்தினேன். இரண்டாவது எதிரி மின்சாரக் கட்டணம். 100 வாற் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 876 யூனிற். டென்மார்க்கின் மின்விலையில் அதை வீட்டில் ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள். பதிவு நேரத்துக்குச் சற்று முன் தானாக விழித்து, முடிந்ததும் தூங்கும்படி அமைக்கவேண்டியிருந்தது. மூன்றாவது, எதிரியல்ல, அம்மா. அவருக்கு மேல், கீழ், சரி, திரும்பு என்ற நாலு பொத்தானுக்கு மேல் தேவைப்படக்கூடாது. "நான் அமத்தினா ஓடவேணும், அவ்வளவுதான்" என்றார். நான் படித்த எந்தப் பாடநூலிலும் ஒரு வடிவமைப்பின் தேவை இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டிருக்கவில்லை.

எழுத்து இன்னொரு வேலை. கசெற் உறையில் மாமி கையால் எழுதிய பெயர்கள் தமிழில் இருந்தன. திரையிலும் தமிழில்தான் இருக்கவேண்டும். புலத்தில் நாங்கள் நெடுங்காலம் பாமினியில் தட்டச்சு செய்தவர்கள். அது எழுத்துருவை வைத்துக் காட்டும் வித்தை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில், கோப்பின் பெயரிலோ தொலைக்காட்சித் திரையிலோ, ரோமன் எழுத்துகள் கலந்த குப்பையாகத்தான் தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்திருந்தும், அது வீட்டுத் திரைவரை வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன. 'சின்னக்காவின் கலியாணம்' என்ற வரி எழுத்து உடையாமல் திரையில் தெரிந்தபோதுதான் அம்மா அந்தப் பெட்டியை வீட்டுச் சாமானாக ஏற்றுக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு அதே பட்டியலில் 'ஒல்சன் கும்பல்' படங்களும் உண்டு. 1968 இல் தொடங்கிய அந்த டெனிஷ் நகைச்சுவை வரிசையில் மொத்தம் 14 படங்கள். திருடன் எகொன் ஒல்சன் வெளியே வருகிற வ்றிட்ஸ்லோசலில்ல சிறைச்சாலை அல்பர்ட்ஸ்லுண்டில்தான் இருந்தது. தங்கள் ஊரின் சிறைவாசலையும், தாயின் ஊர்ப் பள்ளிக்கூட வாசலையும் அவர்கள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துப் பார்த்து வளர்ந்தார்கள்.

சந்தையில் இந்தப் பெட்டியின் காலம் குறுகியது. 2009 நவம்பர் 1 முதல் டென்மார்க்கில் கூரை அன்ரெனாவுக்கு வந்த பழைய ஒளிபரப்பு நின்றது. அதற்கென்று வாங்கிய அட்டைகள் பயனற்றுப் போயின. 2012 சனவரியில் டிவி 2 கட்டணச் சேவையாகி மறைகுறியாக்கத்துக்குள் போனது. அதே ஆண்டில் நெற்ஃபிளிக்ஸ் இங்கு வந்தது; சில வாற்றில் ஓடும் ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினியும் வந்தது. 2015 இல் மைக்ரோசொஃப்ற் விண்டோஸ் 10 இலிருந்து மீடியா சென்றரை நீக்கியது. இப்போது தொலைக்காட்சியே கணினி. டிஷ்கள் குறைந்துவிட்டன. தமிழ்ப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

வெளியே விற்கப்படுவது எதுவும் இன்று எங்களுக்கு எட்டாததல்ல. எட்டாதது வீட்டில் கிடப்பதுதான். எந்த ஓடைச் சேவையிலும் மாமாவின் கசெற் இல்லை. இந்தப் பெட்டியின் மிஞ்சிய வேலை அதுதான் என்பதை, மற்ற வேலைகள் எல்லாம் அதனிடமிருந்து பறிபோன பிறகே தெளிவாகக் காணமுடிகிறது.

அந்த வேலைக்குக் கணக்கு உண்டு. 3 மணிநேரக் கசெற் ஒன்றை ஏற்ற 3 மணிநேரம் வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை. 'டிவி' வடிவில் எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைற், ஒரு கசெற்றுக்கு 39. எங்கள் முதல் பெட்டியின் 120 கிகாபைற் வன்தட்டில் மூன்று கலியாணங்களே அடங்கும். இன்று அது பெரிய அளவல்ல. இன்று குறைவாக இருப்பது நாடாவின் ஆயுளும், ஓடக்கூடிய டெக்கும், திரையில் தெரிபவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர்களும். மூன்றாவதுதான் வேகமாகக் குறைகிறது.

அதனால் நாங்கள் இப்போது கசெற் ஏற்றும்போது பக்கத்தில் மாமாவை இருத்தி, அவர் சொல்வதைத் தனி ஒலிக்கோப்பாகப் பதிகிறோம். இது ஆர், இது எந்த வீடு, அந்த வேலிக்குப் பின்னால் என்ன இருந்தது. தமிழர் வழக்கின் ஆவணங்கள் டெனிஷ் அரச ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். நிறுத்திவைக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தது என்பதற்கான ஆவணம் எங்கள் அலுமாரிகளில்தான் இருக்கிறது. டெக் ஓடுகிற வீடு பக்கத்தில் எதுவென்று தெரிந்தால், இந்த வாரமே ஒரு கசெற்றோடு போங்கள்.