பிட் சுவரும் ஒரு தோள்பட்டையும்

2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாம் இடம் வாங்கியதிலிருந்து, கார் ரேஸ் பக்கமே எட்டிப் பார்க்காத நம் வீடுகளில்கூட ஒரு கேள்வி புறப்பட்டிருக்கிறது. "24 மணி நேரமும் ஒருத்தரே ஓட்டுவாங்களா? தூங்கவே மாட்டாங்களா?" பிள்ளைகள் கேட்கிறார்கள், பெரியவர்கள் கூகுளைப் பார்க்கிறார்கள். அவர்களுக்காகவும், ரேஸ் என்றால் ஃபார்முலா ஒன் மட்டும்தான் என்று நினைக்கும் நண்பர்களுக்காகவும் இந்தப் பதிவு. இதில் ஒரு கோயம்புத்தூர்க்காரரும் ஒரு ஜெர்மானியரும் வருகிறார்கள். இருவரும் ஒரே காரில் ஓட்டியிருக்க வேண்டியவர்கள்.

முதலில் அந்தப் போட்டி. பிரான்சில் லெ மான் என்ற ஊர். 1923 முதல் அங்கே 24 மணி நேரப் போட்டி நடக்கிறது. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். பாதி தூரம், மற்ற நாட்களில் பால் வண்டியும் பஸ்ஸும் போகிற சாதாரண ரோடு. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், சந்திரகிரிக் கோட்டையிலிருந்து திருப்பதிக்குப் போகிற தூரம்தான், கொஞ்சம் முன்னே பின்னே. பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகும் அந்தத் தூரத்தை இந்தக் கார்கள் மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். 2009இல் ஜெயித்த பெஜோ கார் 382 சுற்று ஓடியது, அதாவது 5,200 கிலோமீட்டருக்கு மேல். சந்திரகிரியிலிருந்து காசிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் காசிக்குப் போகிற தூரம் கிட்டத்தட்ட. அதுவும் ஒரே நாளில்! ஒருவரே ஓட்ட முடியாது, விதியும் விடாது. வழக்கமாக மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவரும் சாப்பிடலாம், தூங்கலாம். (அந்த இரைச்சலில் தூக்கம் வந்தால்!)

இனி நம்ம ஆள். நரேன் கார்த்திகேயன், 1977 பொங்கலன்று பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன், தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். கோயம்புத்தூரில் கார் ரேஸ் என்பது மில்லும் மோட்டார் பம்பும் மாதிரி ஊர்ச் சமாச்சாரம். கரிவரதன் என்ற பெரிய மனிதர் அங்கேயே சொந்தமாக ரேஸ் கார்கள் கட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்து போனார், இன்று ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. மெட்ராஸ் பக்கம் சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வருஷா வருஷம் ரேஸ் நடத்தினார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. நரேன் முதலில் ஓட்டியது அங்கேதான், அப்போது வயது பதினைந்து, பதினாறு.

அதன் பிறகு பிரான்சில் ரேஸ் பள்ளி, 1994இல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடர் வெற்றி, 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டம், அப்புறம் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்கு ஓட்டினார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. 2005இல் ஜோர்டான் அணி, மெல்போர்னில் முதல் பந்தயம். அந்த ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் விலகிக்கொள்ள, மீதி ஆறு கார்களில் இவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் வாங்கினார். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறு பேரில் நாலாவது என்று. கடைசி வரிசைக் காரில் உட்கார்ந்துகொண்டு அதைவிட என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜோர்டானில் அப்போது அணியை நடத்தியவர் காலின் கோலஸ். ருமேனியாவில் பிறந்த ஜெர்மானியர், படிப்பால் பல் டாக்டர். (நம்ப முடியாவிட்டாலும் உண்மை.) இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வருவார்.

இப்போது ஜெர்மானியர். ஆண்ட்ரே லோட்டரர், 1981இல் டூயிஸ்பர்க்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். நரேன் 2001இல் ஓட்டிப் பார்த்த அதே ஜாகுவாரில், 2002இல் இவர் சோதனை ஓட்டுநர். ஃபார்முலா ஒன் கதவு அவருக்கும் திறக்கவில்லை. 2003இல் ஜப்பானுக்குப் போய்விட்டார். ஐரோப்பாவில் இருந்தவர்கள், பையன் காணாமல் போய்விட்டான் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் ஜப்பானில் கார் கம்பெனிகளின் ஆதரவில் ஓடும் அணிகள் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுத்து ஓட்ட வைக்கும். ஃபார்முலா ஒன்னின் கடைசி வரிசையிலோ ஓட்டுநர்தான் ஸ்பான்சரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கையில் பணத்தோடு வந்தால் சீட், பணம் தீர்ந்தால் கும்பிடு. லோட்டரர் ஜப்பானில் 2006இல் சூப்பர் ஜிடி பட்டம் வாங்கினார், 2009இல் இன்னொரு முறை.

2009க்கு வருவோம். கோலஸ் சொந்தமாக ஓர் அணி வைத்து, ஆடி கம்பெனி ஓட்டி முடித்த இரண்டு ஆர்10 கார்களை வாங்கி லெ மானுக்குக் கொண்டு வந்தார். ஆர்10 லேசுப்பட்ட வண்டி இல்லை. 2006இல் லெ மானை ஜெயித்த முதல் டீசல் கார் அதுதான். லாரிக்குப் போடுகிற டீசல்! 2007, 2008இலும் அதுவே ஜெயித்தது. 2009இல் ஆடி புது ஆர்15க்கு மாறிவிட்டதால் பழையது கோலஸிடம் வந்தது. 14ஆம் எண் காரில் மூன்று பேர்: நெதர்லாந்தின் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன், நரேன், லோட்டரர். லோட்டரருக்கு அதுதான் முதல் லெ மான். நரேன் அன்று காரில் ஏறியிருந்தால் லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆகியிருப்பார்.

ஏறவில்லை. ஜூன் 13, பந்தயம் தொடங்கச் சற்று முன்பு, பிட் சுவர் அருகே விழுந்து தோள்பட்டை பிசகிவிட்டது. மணிக்கு 300 கிலோமீட்டரில் பதினைந்து வருஷம் ஓட்டி உயிரோடு இருந்தவருக்கு, இடுப்பு உயரச் சுவர் ஒன்றில் கண்டம்.

மீதி இரண்டு பேர். இன்னொருவரைச் சேர்க்க நேரமில்லை. லோட்டரரும் ஸ்வோல்ஸ்மனும் மட்டும் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு ஓட்டினார்கள். ஒரு முறைக்கு எட்டு மணி நேர நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும். சராசரியாக ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதுவும் பழைய காரில், முதல் முறை வந்தவர் ஒருவரோடு. மறுநாள் மதியம் அவர்கள் முடித்த இடம் ஏழு. தொழிற்சாலை அணிகளுக்குப் பின்னால் இது பெரிய விஷயம். ஆடிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷமே லோட்டரர் ஆடியின் சொந்த அணியில்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. 2010இல் லெ மானில் இரண்டாம் இடம். 2011இல் ஆடியின் மூன்று கார்களில் இரண்டு பயங்கரமாக நொறுங்கிப் போக, லோட்டரர், ஃபாஸ்லர், ட்ரெலுயே மூவரும் ஓட்டிய ஒற்றைக் கார் பெஜோ கூட்டத்தைத் தாக்குப்பிடித்து 14 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்தது. 24 மணி நேரம் ஓடி 14 விநாடி! 2012இலும் 2014இலும் மறுபடி அதே மூவர். 2012இல் உலகப் பட்டமும் சேர்ந்தது. 2024இல், 42 வயதில், போர்ஷே காரில் இன்னொரு உலகப் பட்டம்.

நரேன் விழாமல் இருந்திருந்தால் இதெல்லாம் அவருக்கு வந்திருக்குமா? நம் ஆட்கள் சிலர் அப்படி ஏங்குவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லோட்டரர் அதற்கு முன்பே ஜப்பானில் பட்டம் வாங்கியவர், வயது 27. நரேனுக்கு 32. ஆனால் ஒன்று சொல்லலாம். மூன்று பேராக ஓட்டியிருந்தால் இருவருக்குமே கண்ணில் படும் அளவு நேரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, நரேன் அதன் பிறகு அந்தப் பாதையைப் பிடித்துக்கொள்ளாததுதான். 2010இல் அமெரிக்காவுக்குப் போய் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டினார். அங்கே ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவரையே மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். (ஓட்டு எங்கிருந்து விழுந்திருக்கும் என்று நியூஜெர்சி நண்பர்களைத்தான் கேட்க வேண்டும்!) 2011இல் மறுபடி ஃபார்முலா ஒன், ஸ்பெயினின் எச்ஆர்டி அணி. தலைவர் யார்? அதே பல் டாக்டர். நொய்டாவில் அந்த அக்டோபரில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் ப்ரீயில் 17ஆவதாக வந்தார். சொந்த மண்ணில் ஓட்டிய பெருமை இருக்கட்டும், 34 வயதில் கடைசி வரிசைக் காரில் இரண்டு வருஷம் போனது.

லெ மானில் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் 2012இல் சென்னையின் கருண் சந்தோக்குக்குப் போனது. டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் இருவரோடும் ஓட்டி ஆறாம் இடத்தில் முடித்தார். எவ்வளவு பெரிய காரியம், நம் பத்திரிகைகள் எத்தனை வரி எழுதின?

வேடிக்கை என்னவென்றால் லோட்டரருக்கும் ஃபார்முலா ஒன் ஆசை ஒரு முறை தீர்ந்தது. 2014இல் பெல்ஜியம் பந்தயத்தில் கேட்டர்ஹாம் அணிக்காக இறங்கினார். ஒரு சுற்று முடிந்ததும் கார் நின்றுவிட்டது. அந்த அணிக்கு அப்போது ஆலோசகர்? நீங்கள் ஊகித்தது சரி, கோலஸ்தான். லோட்டரர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். அவருக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருந்தது.

அதே 2014இல் நரேன் ஜப்பானுக்குப் போனார். லோட்டரர் பதினோரு வருஷம் முன்பு எடுத்த அதே டிக்கெட். சூப்பர் ஃபார்முலாவில் 2018 வரை ஓட்டினார், அதில் 2017 வரை எதிரே லோட்டரரும் உண்டு. 2019இல் கூரை போட்ட வண்டி, சூப்பர் ஜிடியில் ஹோண்டா என்எஸ்எக்ஸ். அணிச் சொந்தக்காரர் சதோரு நகஜிமா, ஃபார்முலா ஒன்னில் முழு சீசன் ஓட்டிய முதல் ஜப்பானியர். இந்தியாவின் முதல் ஆளுக்கு ஜப்பானின் முதல் ஆள் கொடுத்த கார்.

அந்த வருஷம் நவம்பரில் ஃபூஜி டிராக்கில் ஒரு விசேஷம் வைத்தார்கள். ஜெர்மனியின் டிடிஎம் தொடரிலிருந்து ஆடி, பி.எம்.டபிள்யூ கார்கள் கப்பலேறி வந்தன. ஜப்பானின் ஹோண்டா, லெக்ஸஸ், நிசான் கார்களோடு இரண்டு நாள், இரண்டு பந்தயம். இரண்டு கால்களையும் விபத்தில் இழந்த அலெக்ஸ் ஜனார்டிகூட ஓட்டினார். சனிக்கிழமைப் பந்தயம் நியூசிலாந்தின் நிக் கேசிடிக்கு. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பந்தயம். மோதல்களும் பாதுகாப்புக் காரும் கலந்த ஒரு குழப்பமான மதியத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த தொழிற்சாலைக் கார்களையும் உள்ளூர் சாம்பியன்களையும் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது நகஜிமாவின் ஹோண்டா. உள்ளே நரேன், வயது 42.