கடல் கடந்து வந்தவர்களின் சோறும் குடிசையும்



ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோயில் எழும்பிய வரலாற்றை வேறு அன்பர்கள் எழுதிவிட்டபடியால், நாம் வேறொரு வாசல் வழியே நுழையத் துணிந்தோம். ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த குருக்கள் என்ன போதித்தார்கள் என்பதை யாவரும் அறிவர். அவர்கள் என்ன உண்டார்கள், எங்கே படுத்தார்கள், சித்திரை வெயிலை எவ்விதம் தாங்கினார்கள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த ராபர்ட் தெ நொபிலி சுவாமி 1577-ல் உரோமையில் பிறந்த உயர்குடி மகன். 1605-ல் கோவாவில் கரையிறங்கி, 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துகீசிய குரு இருந்தார். சேசு சபையில் சேருமுன் போர்வீரராக இருந்தவர், நல்லவர், உழைப்பாளி. கடற்கரையிலிருந்து வாணிபத்துக்காக வந்த பரதவ கிறிஸ்தவர்களுக்கு ஞானக் காரியங்களைக் கவனித்து வந்தார். ஆனால் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்தும் மதுரைவாசிகளில் ஒருவரும் அவரிடம் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. காரணம் எளியது. அவர் மாட்டிறைச்சி உண்டார், மது அருந்தினார், தோல் காலணி அணிந்தார். ஊரார் கண்ணுக்கு அவர் 'பரங்கி'. பரங்கியின் மதத்தில் சேர்ந்தால் தானும் பரங்கியாகிவிடுவோம் என்று மக்கள் அஞ்சினர்.

நொபிலி சுவாமி மாற்றத்தை அடுப்படியிலிருந்தே தொடங்கினார். இறைச்சி, மீன், முட்டை, மது யாவற்றையும் விட்டார்; பூசைக்கு வேண்டிய திராட்சை இரசம் மட்டுமே விலக்கு. நாளுக்கு ஒருவேளை சோறு, காய்கறி, பால், நெய். கறுப்பு அங்கி போய்க் காவியும், தோல் காலணி போய்ப் பாதக்குறடும் வந்தன. தலை மழித்துக் குடுமி வைத்தார். தனியே ஒரு குடிசை அமைத்துக்கொண்டு, பிராமணச் சமையற்காரர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார்.

இங்கே நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறோம். மேற்படிப்பின் பொருட்டு நாமும் அந்த உரோமை நகரில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தோம். ஒரு வாரம் உரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் உண்டதும், ஒரு கரண்டி இரசத்துக்காக நம் உள்ளம் பட்ட பாட்டை ஆண்டவர்தாம் அறிவார். ஊரிலிருந்து ஊறுகாய் வந்த அன்று நாம் பூசைக்குப் பிந்திவிடாதது பெரும் அதிசயம்! அதே உரோமையில் பிறந்த ஒருவர், ஊறுகாய் அனுப்ப ஒருவருமின்றி, ஐம்பது ஆண்டுகள் இந்த மண்ணில் நம் சோற்றை உண்டார் என்று எண்ணும்போது நமக்கு வெட்கம் உண்டாகிறது.

ஆயினும் இந்த வாழ்க்கைக்கு ஒரு விலை இருந்தது. அதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. குடிசையில் வாழ்ந்த நொபிலி சுவாமி, அதே நகரிலிருந்த தம் சகோதர குருவுடன் அமர்ந்து உண்ண முடியவில்லை. வயதில் மூத்த பெர்னாந்தஸ் சுவாமியின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! 1610-ல் அவர் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்று, 1623-ல் பாப்பரசர் 15-ம் கிரகோரியார் நொபிலியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் வரை ஓயவில்லை. மேலும், உயர்குலத்தாரின் ஆசாரத்தை ஏற்றவர் தாழ்த்தப்பட்ட மக்களின் வீட்டு வாசலில் பகிரங்கமாக ஏற முடியவில்லை. இக்குறையை நீக்கவே 1640 முதல் எல்லாச் சாதியாரிடமும் செல்லத்தக்க 'பண்டார சுவாமிகள்' என்ற பிரிவு தோன்றியது. எனினும் சாதி கோயிலுக்குள் போட்ட சுவர் அதனால் இடிந்துவிடவில்லை. அதன் செங்கற்கள் சில இன்னும் நம் நடுவே கிடப்பதைப் பங்கு மக்கள் அறிவீர்கள். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

உணவைப் பழகினாலும் எழுத்தைப் பழகுவது வேறு துன்பம். ஓலையில் புள்ளி இட்டால் ஓலை கிழியும். ஆகவே பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதுவர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நமக்குப் பழக்கத்தால் விளங்கிவிடும். புதிதாய் வந்தவர் என்ன செய்வார்? 1710-ல் கோவாவுக்கு வந்த இத்தாலியர் வீரமாமுனிவர் இவற்றைப் பிரித்துக் காட்ட வழி வகுத்தார். அவர் செய்த திருத்தத்தை நம் பிள்ளைகள் இன்றும் எழுதுகிறார்கள்.

சேசு சபை 1773-ல் கலைக்கப்பட்டு 1814-ல் மீண்டும் உயிர்பெற்றது. 1837-ல் பெர்த்ரான், கார்னியே, மார்த்தின், து ரான்கே என்னும் நான்கு பிரெஞ்சுக் குருக்கள் புதுச்சேரியில் வந்திறங்கினர். மறு ஆண்டே மதுரை மிஷனில் பணியைத் தொடங்கினர். பழைய கோயில்கள் பலவும் கோவைக் குருக்களின் கையில் இருந்தமையால், கூரைக் குடிசைகளே இவர்களுக்குப் புகலிடம். ஊர் ஊராய் நடை, கிடைத்த குளத்துத் தண்ணீர். மார்த்தின் சுவாமி 1840-ல் மாண்டார். திருச்சியில் மரியன்னை ஆலயத்தை எழுப்பிய கார்னியே சுவாமி 1843-ல் மாண்டார். அவர்களுக்குப் பின் வந்தவர்களிலும் இளம் வயதிலேயே கல்லறைக்குப் போனவர் பலர்.

யார் குற்றம்? வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டியதே 1854-ல்தான். கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டது 1897-ல். அதற்கு முன் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று கற்றவர்களும் நம்பினர். காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தான கொயினா, தென் அமெரிக்காவிலிருந்து சேசு சபையாரால் ஐரோப்பாவில் பரவி, 'சேசு சபைப் பட்டை' என்றே பெயர் பெற்றது. பட்டையை உலகுக்கு அறிமுகம் செய்த சபையின் பிள்ளைகளே காய்ச்சலில் வாடியது விந்தைதான்.

பின் வந்தவர்கள் அனுபவத்தால் தெளிந்தனர். கனத்த சுவர், உயர்ந்த கூரை, சுற்றிலும் வராந்தா என்று பங்களாக்கள் எழுந்தன. 1845-ல் அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் வீடு கட்டிக் கோடையைக் கழிக்கத் தொடங்க, நம் குருக்களும் மலையேறினர். 1895-ல் செண்பகனூரில் சேசு சபைக் கல்லூரி எழுந்தது. சுகபோகம் தேடி ஏறினார்கள் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். கார்னியே சுவாமியின் கல்லறை முன் நின்றவர் அப்படிப் பேசமாட்டார்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பேதுருவுடன் வளர்ந்தவர் அருளானந்தர். பதினான்கு ஆண்டுகள் நம் நாட்டில் உழைத்தபின், சபைக் காரியமாக 1688-ல் லிஸ்பன் திரும்பினார். பழைய தோழர் அப்போது மன்னராயிருந்தார். அங்கும் அவர் நம் நாட்டு உணவையே உண்டு, தரையிலே படுத்தார் என்று அவர் சரித்திரம் எழுதியோர் குறிக்கின்றனர். தம் மைந்தனுக்கு ஆசானாக அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள மன்னர் விரும்பினார். அருளானந்தர் இணங்கவில்லை. 1690-ல் மறுபடியும் கப்பலேறினார். மறவர் சீமைக்கு வந்து சேர்ந்தார். 1693 பிப்ரவரி 4-ம் நாள் ஓரியூரில் வெட்டுண்டார்.