வாரம் 21 ஷில்லிங்

இங்கிலாந்தில் தள்ளாத வயதில் முதியோர் இல்லத்துக்குப் போகிறவர்களில் பலர், வீட்டை விற்றுத்தான் கட்டணம் கட்டுகிறார்கள். சொத்தும் சேமிப்புமாக 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவர்கள் தலையில்தான். 2010இலிருந்து அந்த வரம்பு ஏறவேயில்லை. கணவனோ மனைவியோ குடியிருந்தால் ஒழிய, பொதுவாக வீடும் சொத்துக் கணக்கில் சேரும். அதே ஆள் புற்றுநோய் வந்து அரசு மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தால் ஒரு காசு கேட்க மாட்டார்கள். இதைக் கருவூலத்தின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் கட்டணம் வாங்கும் இந்த ஏற்பாடு, முதியவருக்குத் தரும் மரியாதையாகத்தான் தொடங்கியது என்பது என் வாதம்.

1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், நாதியற்ற முதியவரை ஊர்ப் பங்கின் பொறுப்பில் விட்டது. செலவுக்கு உள்ளூர்ச் சொத்துக்காரர்களிடம் வரி தண்டினார்கள். வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோரைக் காக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இருந்தது. (இந்தியா அதே கட்டாயத்தை 2007இல்தான் தனிச் சட்டமாக்கியது.) 1834இல் பிடி இறுகியது. உதவி வேண்டுமா, வொர்க்ஹவுஸ் என்ற ஏழையர் விடுதிக்குள் வா என்றார்கள். வெளியே இருக்கும் பரம ஏழைக் கூலியின் வாழ்வைவிட உள்ளே இருப்பவரின் வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்த கிழத் தம்பதியைக்கூட ஆண் பகுதி, பெண் பகுதி என்று பிரித்தார்கள். அறுபது தாண்டியவர்கள் சேர்ந்திருக்க 1847இல்தான் சட்டம் இடம் கொடுத்தது. ஆண்டோவர் வொர்க்ஹவுஸில் உரத்துக்காக எலும்பு இடிக்க விடப்பட்டவர்கள், பசி தாளாமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றது 1845இல் அம்பலமானது. இலவசம் என்பதற்கு அந்த நாட்டு ஏழைகள் கண்ட பொருள் இதுதான். 1909இல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம் வந்தபோது, அதை ஏழையர் நிவாரண அதிகாரி கையால் கொடுக்காமல் தபால் நிலையத்தில் கொடுத்ததற்கும் இந்த அவமானத்தின் நினைவே காரணம்.

1948 ஜூலை 5இல் இரண்டு சட்டங்கள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்று எல்லோருக்கும் இலவச மருத்துவம் தந்தது. மற்றது ஏழையர் சட்டத்தைப் பிள்ளைகளின் கட்டாயத்தோடு சேர்த்து ஒழித்து, முதியோர் இல்லங்களை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. இரண்டுக்கும் அமைச்சர் அனூரின் பெவன்தான். வசதியானவர்கள் தங்கும் ஓட்டலைப் போல இல்லம் இருக்க வேண்டும், அங்கே முதியவர் விருந்தாளியாகத் தங்கிப் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. 26 ஷில்லிங் ஓய்வூதியத்தில் 21 ஷில்லிங்கை இல்லத்துக்குக் கட்டிவிட்டு 5 ஷில்லிங்கைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். செலவைக் குறைக்கத்தானே இந்த ஏற்பாடு என்று கேட்கலாம். சிக்கனம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அதைவிடப் பன்மடங்கு செலவு பிடிக்கும் மருத்துவமனைகளை அதே நாளில் இலவசமாக்கியவர்கள், இந்த 21 ஷில்லிங்குக்காகவா கணக்குப் பார்த்திருப்பார்கள்?

கணக்கு தவறியது வேறு இடத்தில். விருந்தாளி என்றால் தானாக எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடியவர். நோயாளி என்றால் கட்டிலில் கிடப்பவர். இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நீளும் மறதி நோய்க்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஓட்டலும் சரியாக எழவில்லை: சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட் 173 இல்லங்களைப் பார்த்து 1962இல் எழுதிய நூல், பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்களில் இன்னும் முதியவர்கள் அடைந்து கிடந்ததைக் காட்டியது. இதற்கிடையே நாடு மாறியது. 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பத்துக்குத்தான் சொந்த வீடு. நூற்றாண்டு முடிவதற்குள் அது மூன்றில் இரண்டைத் தாண்டியது. ஓய்வூதியத்தை மட்டும் தொட்ட கட்டணம் இப்போது வீட்டைத் தொட்டது. மருத்துவமனைகள் நெடுநாள் வார்டுகளை மூடிக்கொண்டே போக, இலவசப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு சட்டத் திருத்தமும் இல்லாமல் கட்டணப் பக்கத்துக்கு நகர்ந்தார்கள்.

வீடு வைத்திருப்பவரின் வாரிசுக்காக, வாடகை வீட்டுக்காரர் ஏன் வரி கட்ட வேண்டும்? 1999இல் அரசு அமைத்த சதர்லண்ட் ஆணையம் முதியோர் பராமரிப்பை இலவசமாக்கச் சொன்னபோது அதன் உறுப்பினர் இருவர் மறுத்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். நியாயமான கேள்விதான். ஆனால் புற்றுநோயில் இறந்தவரின் வாரிசுக்கும் அதே வரிதானே வீட்டைக் காப்பாற்றித் தந்தது? யார் வீடு மிஞ்சும் என்பதை வருமானம் தீர்மானித்தால் வாதிடலாம். எந்த நோய் வந்தது என்பது தீர்மானிப்பதற்கு என்ன சமாதானம் சொல்வது? இங்கிலாந்து அதற்கு விடை காணவில்லை. ஒருவர் வாழ்நாளில் கட்டுவதற்கு உச்சவரம்பு வைக்க 2014இல் சட்டம் செய்து, தள்ளிப்போட்டு, கடைசியில் 2024இல் கைவிட்டது. ஸ்காட்லாந்து 2002இலேயே இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் இடையிலான கோட்டை மாற்றிப் போட்டது. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது போன்றவற்றுக்காக அரசு இல்லத்துக்கு வாரந்தோறும் ஒரு தொகை தருகிறது; அறைக்கும் சாப்பாட்டுக்கும் வசதியுள்ளவர் தம் கைப்பணத்தைக் கட்டுகிறார். அதற்காக வீட்டை விற்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் பெவன் நினைத்த விருந்தாளி கட்ட வேண்டியதும் அவ்வளவுதான்.