ஒன்பதாவது மாடி

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தின் மீது கொஞ்சம் பொறாமை உண்டு. ஒருவரையொருவர் அறியாத பதினைந்து இருபது பேரை ஓர் ஓட்டலில் தங்க வைத்து, மறுநாள் அவர்களைத் திசைக்கொருவராக அனுப்பி, அவர்களால் உலகமே நடுங்கியது என்று நான் எழுதினால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று வாசகர்கள் கடிதம் போட்டுவிடுவார்கள். சரித்திரத்துக்கு யார் கடிதம் போடுவது? 2003-ஆம் ஆண்டில் அது இந்தக் கதையைக் கூசாமல் நடத்திக் காட்டிவிட்டது.

தென் சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில், 2002 நவம்பர் மாதம் ஒரு புது மாதிரியான நிமோனியா தலைகாட்டியது. காய்ச்சல், வறட்டு இருமல், பிறகு மூச்சுத் திணறல். வழக்கமான மருந்துகள் பலிக்கவில்லை. வைத்தியம் பார்த்த டாக்டர்களும் நர்ஸுகளுமே படுக்கையில் விழுந்தார்கள். ஊரில் வதந்தி பறந்தது. அதிகாரிகளோ வாயைத் திறக்கவில்லை. 305 பேருக்கு நோய், 5 பேர் மரணம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்துக்குத் தகவல் போனபோது 2003 பிப்ரவரி பிறந்துவிட்டது.

அந்த மாதம் 21-ஆம் தேதி, குவாங்சௌ நகரில் அத்தகைய நோயாளிகளைக் கவனித்துவந்த 64 வயது மருத்துவப் பேராசிரியர் ஒருவர், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஹாங்காங் வந்தார். மெட்ரோபோல் ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் அறை எடுத்தார். தங்கியது ஓர் இரவுதான். மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். மார்ச் 4-ஆம் தேதி இறந்தும் போனார். ஆனால் அதற்குள், ஓட்டலில் தங்கியிருந்தவர்களிலும் வந்துபோனவர்களிலுமாகக் குறைந்தது 16 பேருக்கு நோய் தொற்றியிருந்தது. அவருடைய அறைக்கு வெளியேயும் லிஃப்ட் அருகிலும் கிருமியின் சுவடுகளைப் பின்னால் கண்டெடுத்தார்கள். தொற்றியவர்களில் ஒருவர் ஹனோய்க்குப் போனார். சிலர் சிங்கப்பூர் திரும்பினார்கள். ஒரு வயதான அம்மாள் டொரான்டோவில் தம் வீடு போய்ச் சேர்ந்தார். பெட்டி படுக்கையோடு நோயும் கூடவே போயிற்று.

ஹனோயில் அந்த நோயாளியைப் பார்க்க அழைக்கப்பட்டவர் கார்லோ உர்பானி. இத்தாலியர், உலக சுகாதார ஸ்தாபனத்தின் டாக்டர், வயது 46. இது சாதாரண ஃப்ளூ அல்ல என்று அவருக்குத் தோன்றியது. என்ன நோய் என்று அவருக்கும் தெரியாதுதான். ஆனால், தெரிந்த பிறகு சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தெரியவில்லை என்பதையே ஓர் அபாயச் செய்தியாக மேலிடத்துக்கு அனுப்பினார். நோயாளிகளைத் தனியாக வையுங்கள் என்று வியட்நாம் சர்க்காரிடம் மன்றாடினார். சர்க்காரும் கேட்டுக்கொண்டது.

மார்ச் 11-ஆம் தேதி பாங்காக் போகும் விமானத்தில் அவருக்கே காய்ச்சல் கண்டது. வரவேற்க வந்த டாக்டரைக் கிட்டே வரவேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும் வரையில் இருவரும் எட்ட எட்ட உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 29-ஆம் தேதி உர்பானி காலமானார். மனைவியும் மூன்று குழந்தைகளும் மிஞ்சினார்கள்.

அவர் படுத்த மறுநாளே, மார்ச் 12-ல், உலகத்துக்கு எச்சரிக்கை பிறந்தது. 15-ஆம் தேதி நோய்க்கு 'சார்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். சாதாரணமாகப் போட்டி போடும் ஆராய்ச்சிக் கூடங்களில் பதினொன்று கைகோத்து வேலை செய்தன. ஏப்ரல் 16-ஆம் தேதி குற்றவாளி இன்னாரென்று அறிவிக்கப்பட்டது: கிரீடம் சூடியதுபோல் தோன்றும் கொரோனா வர்க்கத்து வைரஸ் ஒன்று.

ஆளைத் தெரிந்துகொண்டதால் மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. தடுப்பூசியும் இல்லை. போராடிய ஆயுதங்கள் எல்லாம் பழையவை. நோயாளியைப் பிரித்து வை. அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்துப் பத்து நாள் வீட்டில் இருத்து. முகமூடி போடு. கையைக் கழுவு. வெனிஸ் நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்தார்களே, அந்த வித்தையின் பேரப் பிள்ளைகள்தாம் இவை.

சில இடங்களில் துப்பறியவும் வேண்டியிருந்தது. ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்கு மாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனால் அது குளியலறைச் சாக்கடையில் போய் நின்றது! தரைக் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் கீழிருந்து கெட்ட காற்று ஏறாது. அங்கே பலர் தரையைக் கழுவிவிடாமல் துடைத்தே வந்ததால் வளைவு வறண்டிருந்தது. கழிவுநீரில் இருந்த கிருமி நுண்துளிகளாக வீடு வீடாக ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

பெய்ஜிங்கில் துப்பறிய வேண்டியது கிருமியை அல்ல, உண்மையை. சொல்லப்பட்ட கணக்கு பொய் என்று ஜியாங் யான்யோங் என்ற ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர் துணிந்து எழுதினார். ஏப்ரல் 20-ல் சுகாதார மந்திரியும் நகர மேயரும் கட்சிப் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே காரியங்கள் மளமளவென்று நடந்தன.

ஜூலை 5-ஆம் தேதி, தொற்றுச் சங்கிலி அறுந்தது என்று அறிவித்தார்கள். மொத்தம் 8,096 பேருக்கு நோய். 774 பேர் மாண்டார்கள். நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆஸ்பத்திரிகளில் பணிபுரிந்தவர்.

இந்த வெற்றியை நாம் முழுக்க நம் கெட்டிக்காரத்தனத்தின் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமல்ல. சார்ஸ் கிருமியிடம் ஒரு பலவீனம் இருந்தது. நோயாளி நன்றாகப் படுத்த பிறகே, அதுவும் இரண்டாவது வாரத்தில்தான், அது மும்முரமாகப் பரவியது. படுத்தவரைப் பிரித்தாலே பாதிப் போர் முடிந்தது. 2019 கடைசியில் வந்த அதன் தம்பியிடம் அந்தப் பலவீனம் இல்லை. காய்ச்சல் தெரிவதற்கு முன்பே அது அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணனை அடக்கிய வழிகள் தம்பிக்குப் போதவில்லை.

ஆனாலும் ஒன்று மாறவில்லை என்றே நினைக்கிறேன். நோயைக் கண்ணால் கண்ட நாளுக்கும் அதை வாய்விட்டுச் சொன்ன நாளுக்கும் நடுவே எத்தனை நாள் கழிந்தது என்பதே கேள்வி. குவாங்டாங்கில் அது மாதக் கணக்கு. ஹனோயில் நாள் கணக்கு. வியட்நாமில் நோய் 63 பேரோடு நின்றது. மாண்டவர்கள் 5 பேர். உலகிலேயே முதலாவதாக ஏப்ரல் 28-ல் அந்த நாடு மீண்டது. மாண்டவர்களின் எண்ணிக்கையை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். உர்பானி வாய் திறந்ததால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிழைத்தவர்களுக்கே அது தெரியாது.